ஆங்கில வாசகத்தில் ஊர்வன

ஆங்கிலம் கற்கும் தமிழ்ச் சிறார்க்கு வாசக பாடத்தை எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்னும் வினா, பெரியோர் பலரால் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு வருவதொன்று. அவ்வாராய்ச்சிக் கடலுள் இறங்கி நீந்துதற்கு வேண்டும் ஆற்றல் எமக்கில்லை. யாம் தமிழ் பயிலும் மாணாக்கர். ஆங்கிலம் கற்பிக்கும் கலையிற் பட்டம் பெற்றவரல்லேம். எனினும், ஒரேயொரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அஃது இப்பொழுது நடைபெறும் வகையையும், நடைபெற வேண்டும் வகையையும் குறித்து எம் கருத்தைச் சொல்லுதல் பிழையாகாதென எண்ணுகின்றோம். அப்பாடமாவது ஊர்வனவற்றைப் பற்றியது. பாம்பு, பல்லி, ஆமை, முதலை என்னும் நான்கன் படங்களோடு இரண்டு மூன்று பக்க அளவில் அமைந்த இத்தகைய பாடத்தைச் சிறார்க்குரிய ஆங்கில வாசகங்கள் பலவற்றுள்ளும் காணலாம்.

பாடங்கள் பலவிருக்க இதனை யாம் தேர்ந்தெடுத்தது என்னையெனின், கூறுதும். மூடுபனியைப் பற்றியும், பனிக்கட்டியின்மீது சறுக்கி விளையாடுதலைப் பற்றியும் வரும் பாடங்களில் நம் மாணாக்கன் சொல்லையும் அறியான். சொல்லாற் குறிக்கப்படும் பொருளையும் அறியான். அங்கே அவன் இடர்ப்படுதல் இயல்பே. ஊர்வன பற்றிய பாடமோ அத்தன்மைத்தன்று. கூரையிற் பல்லி, வேலியில் ஓணான், கிணற்றடியில் அரணை, வரப்பிற் சாரை, குளத்தில் ஆமை என இவற்றோடு பிறந்து இவற்றோடு வளர்ந்தவன் சிற்றூர்ச் சிறுவன். பொருளை அவன் நன்கறிவான். அதற்குரிய ஆங்கிலச் சொல்லொன்றே அறியான். நூலெழுதியவர் அறிந்ததினும், சில வேளைகளில் வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அறிந்ததினும், அவன் அறிந்தது மிகுதி. ஆங்கில வாசகத்தின்கண் அவன் தலைநிமிர்ந்து பேசுதற்குரிய பாடங்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்றனையும் அவன் வாய்பொத்திக் கேட்கும் பாடமாக ஆக்கிவிடுதலே எம் மனத்தை வருத்துவது.

இப்பாடம் பெரும்பாலும் எங்ஙனம் நடைபெறுகின்றது? ஆசிரியர் ஒரு வாக்கியம் படிக்கின்றார்; வகுப்பு முழுதும் உரத்த குரலில் அதனைத் திருப்பிச் சொல்லுகின்றது. பின்னர்க் கரும்பலகையில் அருஞ்சொற்பொருள் எழுதப்பெறுகின்றது; அதனைச் சிறார் ஏட்டிற் பெயர்த்தெழுதுகின்றனர். இறுதியில், பாடத்தின் கீழுள்ள வினாக்களுக்கு விடையும் பலகையிலேயே வந்துவிடுகின்றது. மறுநாள் அவ்விடையை நெட்டுருப் பண்ணி ஒப்பித்தவன் கெட்டிக்காரன், ஒப்பியாதவன் மூடன். இவ்வளவிலே பாடம் முடிந்தது. அப்பையனை மதிலின்மேலிருக்கும் ஓணானைக் காட்டி, 'இஃது அப்பாடத்திற் சொல்லப்பட்ட வகுப்பைச் சேர்ந்ததோ?' என்று கேட்பின் விழிக்கின்றான். ரெப்டைல் என்னும் சொல்லுக்கு எழுத்துக் கூட்டச் சொன்னாலோ, பிழையின்றிக் கூட்டுகின்றான்.

யாம் சிலர் கூடிச் சனிக்கிழமைதோறும் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்று, ஆறாம் வகுப்புச் சிறாரோடு இருந்து வருகின்றோம். அங்கே இப்பாடத்தை ஏற்கெனவே கற்று முடித்த பிள்ளைகளிடம் யாம் கண்டவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டுக் குறிப்போம். பாம்பின் உடலில் ஸ்கேல் உண்டு என்று வாசகம் கூறுகின்றது. செதில் என்பது பொருள். பலகையில் அப்பொருள் எழுதவும் பட்டது. ஆயின், நம் பள்ளிகளில் ஸ்கேல் என்பது யாது? கோடு கிழிக்கும் அளவுகோல்! 'பாம்பு நேராக இருக்கையில் ஸ்கேல் போல இருக்கும், அண்ணா' என்று ஒரு சிறுவன் எமக்கு விளக்கினான். மற்றொரு வாக்கியம், பாம்பு தன் தோலை ஷெட் செய்யும் என்பது. ஷெட் என்றால் தகரக் கொட்டகை என்பதை அறியாத பிள்ளை அவ்வூரில் இல்லை. மிதிவண்டி நிற்பது அங்கேதான். ஆகவே பாம்பு தன் தோலைக் கொட்டகையில் வைப்பதாக ஒருத்தி கொண்டாள். இவ்விருவரும் அறிவிலரல்லர். தமக்கு முன்னரே தெரிந்த சொல்லைக்கொண்டு தெரியாத வாக்கியத்திற்குப் பொருள் காண முயன்றவர். படித்தல் என்னும் தொழிலின் உயிர்நிலை அம்முயற்சியேயன்றோ? சட்டையுரித்தல் என்னும் நல்ல தமிழ் வழக்கை அவ்விடத்து ஒருமுறை நினைவூட்டி, வேலியோரத்தே கிடக்கும் பாம்புச் சட்டை ஒன்றனைக் கொணர்ந்து காட்டியிருப்பின், செதில், உரித்தல் என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒருங்கே விளங்கியிருக்கும். அச்சட்டையைத் தேடிக் கொணர்தற்கு அவ்வகுப்பில் முப்பது பேர் போட்டியிடுவர்.

இனி, ரெப்டைல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அஃது இலத்தீன் மொழியில் ஊர்தல் எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்தது. நாமும் இவற்றை ஊர்வன என்றே வழங்குகின்றோம். ஸர்ப்பென்ட் என்னும் மற்றோர் ஆங்கிலச் சொல்லும் ஊர்தற் பொருளதே. ஒன்றையொன்று அறியாத இரண்டு நாட்டு மாந்தர், ஒரே செயலைக் கண்டு ஒரே வகையாற் பெயரிட்டனர் என்பதை ஒரு சிறுவனுக்குச் சொன்னால், அச்சொல்லை அவன் மறப்பானா? கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கு ஊரும் உயிர்களைத் தனியொரு கூட்டமாக எண்ணும் வழக்கம் ஆதியாகமத்தின் முதலதிகாரத்திலேயே அறிமுகமாகிவிடுகின்றது. புதிதன்று பொருள், புதிது ஒலி மட்டுமே.

பெயர்களின் பாகுபாட்டில் ஒரு சிக்கல் உண்டு. அதனை ஆசிரியர் பலர் கருதிப் பார்ப்பதில்லை. லிசர்ட் என்பதற்குப் பல்லி எனப் பொருளெழுதுவது வழக்கம். ஆயின் ஆங்கிலேயர் பல்லியை மட்டுமோ அச்சொல்லாற் குறிக்கின்றனர்? ஓணான், பச்சோந்தி, அரணை, உடும்பு அனைத்தும் அவர்க்கு லிசர்டே. தமிழில் இவ்வைந்தனையும் ஒருங்கே குறிக்கும் பொதுச்சொல் உலக வழக்கில் இல்லை. பல்லி வேறு, உடும்பு வேறு. உடும்பைப் பல்லியென்று சொல்லும் சிறுவனை அவன் தோழர் நகையாடுவர். ஆகவே, லிசர்ட் என்றாற் பல்லி என்று மனனம் செய்தவன், பெரிய லிசர்ட் ஒன்று கோழி முட்டையைத் தின்றது என்னும் வாக்கியத்தைக் கண்டு, சுவரிலுள்ள பல்லி முட்டை தின்னுமோ எனத் திகைத்தல் திண்ணம். மற்றொரு பக்கம், ஆமை என்னும் நம் ஒரு சொல்லுக்கு அவர் நிலத்தில் வாழ்வதற்கு டார்ட்டஸ் என்றும், நீரில் வாழ்வதற்கு டர்டில் என்றும் இரண்டு கூறுகின்றனர். ஆனால், கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளைகளைக் கேட்டால் பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை என்று ஆங்கில வாசகம் அறியாத வேற்றுமைகளை அடுக்குவர்! முதலையிலும் ஆங்கிலத்தார் இரண்டு கூறுவர். அவற்றுள் அலிகேட்டர் எனப்படுவது அமெரிக்காவிலும் சீனத்திலும் உள்ளதேயன்றி இந்தியாவில் இல்லை. அமராவதி அணையிலும் சாத்தனூரிலும் ஒகேனக்கலிலும் உள்ளது குரோக்கடைலே. நம் பிள்ளைகள் காணாத அலிகேட்டரின் மூக்கு வடிவத்தை அவர்கள் மனனம் செய்வதால் யாது பயன் என்று எமக்கு விளங்கவில்லை. முதலை, இடங்கர், கராம் என மூன்று கூறும் குறிஞ்சிப்பாட்டை அறிந்த ஆசிரியராயின், இரண்டென்ன, மூன்றே உண்டு எனத் தமிழ்ப் பெருமையும் சிறிது பேசலாம்.

தமிழ்ப் பெருமை என்றதனால் இன்னும் ஒன்று. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களைக் கூறுங்கால், பறவையின் குஞ்சுக்குரிய பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தவழ்வனவற்றின் இளமைக்கும் உரியவாக்கினர். சங்கப் பாட்டுக்களில் ஆமையின் இளமையும் முதலையின் இளமையும் பார்ப்பு எனப்படுதல் இதனாலே. இக்கால உயிர்நூலாரோ, முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியன்று, பறவையே என்கின்றனர். தொல்காப்பியர் இதனை முன்னரே அறிந்திருந்தார் என்று மேடையேறி முழங்குதற்கு யாம் உடன்படோம். முட்டையினின்று வெளிப்படுவதைக் கண்டு அவர் ஒரு பெயரால் வழங்கினர், அவ்வளவே. ஆயினும், அப்பெயரொப்புமையை வகுப்பிற் சொன்னால் ஹேட்ச் என்னும் ஆங்கில வினை கோழிக்கும் முதலைக்கும் ஒருங்கே வருவது ஏன் என்பது கேட்காமலே விளங்கும். நிற்க.

யாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது பெயர்ச்சொற்களைப் பற்றியன்று. இத்தகைய பாடத்தில் உண்மையான அருஞ்சொற்கள் எவை? நூலார் தடித்த எழுத்திற் காட்டும் வெனம், ஃபேங், ப்ரே முதலியன அல்ல. ஆல், மோஸ்ட், ஸம், ஃப்யூ என்னும் சின்னஞ்சிறு சொற்களே. 'ஊர்வனவற்றுட் பெரும்பாலன முட்டையிடும்' என்று வாசகம் கூறுகின்றது. மோஸ்ட் என்பதை எவரும் அருஞ்சொல்லாகக் கருதுவதில்லை. அதனை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, 'ஊர்வன முட்டையிடும்' என்றே பிள்ளைகள் பொருள் கொள்ளுகின்றனர். ஆயின் கண்ணாடி விரியன் குட்டி போடும். சுருட்டை விரியனும், பச்சைப் பாம்பும், மண்ணுளியும் அங்ஙனமே. வயலில் விரியன் குட்டிகளைக் கண்ட ஒரு சிறுவன் அவ்வகுப்பில் இருந்தனன். நூல் பொய் சொல்லுகின்றது என்று அவன் தன் தோழரிடம் மெல்லக் கூறினான். நூல் பொய் சொல்லவில்லை; அவன் பார்வை அச்சிறு சொல்லைக் கடந்துவிட்டது. அவன் கண்டதனை வாய்விட்டுச் சொல்லச் செய்து, பின்னர் அவ்வாக்கியத்தை மீண்டும் படிக்கச் செய்து, அவன் கண்டது உண்மையாகவும் நூல் சொன்னது உண்மையாகவும் இருத்தற்கு இடந்தரும் சொல் எதுவெனத் தேடச் சொன்னால், அவன் மோஸ்ட் என்பதன் பொருளை ஆயுள் உள்ளளவும் மறவான். இலக்கண ஏட்டில் நூறு முறை எழுதியும் வாராத தெளிவு, வயல் வரப்பிற் கண்ட ஒரு காட்சியால் வரும்.

இவ்வாறே, ஊர்வன கோல்ட்-பிளடட் என்னும் தொடர். இதனைக் 'குளிர்ந்த இரத்தம் உடையவை' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடுகின்றனர். சித்திரை வெயிலிற் பாறைமேற் கிடக்கும் ஓணானின் இரத்தம் குளிர்ந்திருக்குமோ? அதன் உடல் அப்பொழுது நம் உடலினும் வெப்பமாகவும் இருத்தல் கூடும். நம் உடல்போலத் தன் வெப்பத்தைத் தானே ஒரு நிலையில் நிறுத்திக்கொள்ளாமல், வெயிலையும் நிழலையும் நாடிச் சூழ்நிலைக்கேற்ப மாறுவது என்பதே அத்தொடரின் கருத்து. காலையில் ஓணான் வேலியுச்சியில் வெயில் காய்வதும், உச்சிப்போதில் அதனைக் காணாமையும் எதனால் என்று கேட்டுப் பாருங்கள். அவ்வினாவிற்குத் தமிழில் விடை வந்தபின், அவ்வாங்கிலத் தொடருக்கு வேறு உரை வேண்டா.

'ஆங்கில வகுப்பில் இவ்வளவு தமிழ் பேசலாமோ?' என்று கேட்பார் உளர். தமிழில் ஒரு சொல் வாய்தவறிச் சொன்னால் தண்டம் விதிக்கும் பள்ளிகளும் உள என்று கேட்டிருக்கின்றோம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பித்தல் வேண்டும் என்னும் கொள்கையில் ஒரு பாதி உண்மை உண்டு என்பதை மறுக்கின்றோமில்லை. மணி முழுதும் தமிழிலேயே கதை சொல்லி, இறுதியில் ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை படித்து முடிப்பவர் ஆங்கிலம் கற்பித்தவராகார். பிள்ளைகளின் செவியிலும் கண்ணிலும் ஆங்கிலம் பன்முறை பட்டாலன்றி அம்மொழி வாராது. ஆனால் யாம் வேண்டுவது முதல் நாளில் ஒரு கால்மணி நேரமே. நூலை மூடிவைத்துவிட்டு, நீங்கள் கண்ட ஊர்வன யாவை, எங்கே கண்டீர், அஃது என்ன செய்தது என்று கேட்கும் கால்மணி நேரம். அவர்கள் தமிழிற் சொல்லச் சொல்ல ஆசிரியர் பலகையில் ஆங்கிலப் பெயரை எழுதிக்கொண்டே வரலாம். நூலைத் திறக்கும்பொழுது அச்சொற்கள் ஏற்கெனவே பழகிய முகங்களாக நிற்கும்.

இஃது எம் கற்பனையன்று. மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் வங்காளத்து டாக்கா நகரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். 1926-ஆம் ஆண்டில் அவர் இருமொழிக் கல்வியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். வங்காளச் சிறார்க்கு ஆங்கிலம் பேசும் திறனினும் படித்துப் பொருளுணரும் திறனே முதற்கண் பயன்படுவதென்றும், ஒரு பக்கத்திற் புதுச்சொற்கள் அடர்ந்து கிடத்தல் ஆகாதென்றும், வந்த புதுச்சொல் பலகால் மீண்டும் வருதல் வேண்டுமென்றும் அவர் கருதினர். அதற்கியையப் புதுமுறை வாசகங்களும் இயற்றினர். இக்கொள்கையை நினைந்து ஊர்வன பற்றிய பாடங்களைப் பார்த்தால் நகைப்பே வருகின்றது. இரண்டு பக்கத்திற் பதினைந்து இருபது புதுச்சொற்கள். அவற்றுட் பல ஒருமுறை தலைகாட்டி மறைவன. மேலும், 1988-ஆம் ஆண்டில் ரெக்ட், லெஸ்லி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு கதைப்பகுதியை 64 மாணாக்கரிடம் கொடுத்துச் சோதித்தனர். படிக்கும் திறன் குறைந்தும் அவ்வாட்டத்தை நன்கறிந்தவர், திறன் மிகுந்தும் ஆட்டத்தை அறியாதவரைவிட நன்றாகப் பொருள் கொண்டனர். அஃது அயன்மொழி கற்பாரைப் பற்றிய சோதனையன்று. ஆயினும், முன்னறிவு படிப்புக்கு எத்துணைப் பெரிய ஊன்றுகோல் என்பதற்கு அது போதிய சான்று. நம் சிற்றூர்ப் பிள்ளைக்குப் பேஸ்பால் தெரியாது, பாம்பு தெரியும்.

ஆனால் அவனுக்குத் தெரிந்தவற்றுள் பிழையும் கலந்துள்ளது. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. சாரை என்பது நல்ல பாம்பின் ஆண் என்பர். அன்று, இரண்டும் வேறு வேறு சாதி. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பர். அரணை கடித்தால் மரணம் என்பர். எதுகை இன்பம் தருகின்றதேயன்றி உண்மை அதிலில்லை, அரணைக்கு நஞ்சே கிடையாது. மகுடியின் இசையிற் பாம்பு மயங்கும் என்பர். அது நோக்குவது ஆடும் குழலையே. இப்பிழைகளுக்கு அஞ்சித்தான் சில ஆசிரியர் பிள்ளைகளைப் பேசவிடுவதில்லை போலும். எமக்கோ இப்பிழைகளே பாடத்தின் பெருஞ்செல்வமாகத் தோன்றுகின்றன. 'பாம்பு பால் குடிக்குமோ?' என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடட்டும். அதன்பின் ஓர் ஆங்கிலப் பத்தியைக் கையிற் கொடுத்து, நூல் எக்கட்சி என்று கண்டு சொல்லுக என்றால், சொல்லுக்குச் சொல் விரல்வைத்துப் படிக்கும் சோம்பேறியும் விரைந்து படிப்பான். விடை தெரிய வேண்டும் என்னும் வேட்கை இல்லாமற் படிக்கும் படிப்பு உப்பில்லாக் கூழ்.

இவையெல்லாம் வகுப்பறை இன்பத்திற்காக மட்டும் சொல்லப்பட்டனவல்ல. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவிற் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 58,000 உயிர்! இறந்தோரிற் பெரும்பாலார் சிற்றூர் மக்கள். நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் பதினைந்து வயது நிரம்பாத சிறார். இவ்வெண்ணை ஒருமுறை நினைந்து, மீண்டும் நம் வாசகத்துப் பாடத்தைப் பாருங்கள். தொலைநாட்டுப் பாம்பொன்றின் நீளம் எத்தனை அடி என்பது அங்கே இருக்கின்றது. நம் நாட்டில் மிகுதியான உயிர்களை வாங்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கும் அங்கே இருக்கின்றனவோ? தரையிற் படுத்துறங்குவாரை இரவிற் கடிக்கும் கட்டுவிரியனின் கடி பல வேளைகளில் வலியே தோற்றுவியாது என்பதும், கடித்த இடத்தைக் கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் தீங்கு விளைப்பன என்பதும், கடியுண்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லல் வேண்டும் என்பதும் பத்தே எளிய ஆங்கில வாக்கியங்களில் அடங்கும். அவ்வாக்கியங்கள் ஏவல் வினையாக இருத்தலின், டூ, டு நாட் என்னும் இலக்கணப் பயிற்சிக்கும் இதனினும் தக்க இடம் இல்லை. இலக்கணத்திற்காகக் கதவைத் திற, கதவை மூடு என்று ஆயிரம் முறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது மேலன்றோ?

இதற்கு வேண்டும் செய்திகளைத் தேடிக் கடல்கடக்க வேண்டுவதில்லை. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்திற் பெயர் தந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்பார் நம் சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைக்கொண்டே 1796-ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டனர். கோப்ரா என்னும் சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக வந்தது. அவர் மொழியில் அது வெறும் பாம்பு என்றே பொருள்படும். நாமோ அதனை 'நல்ல' என்னும் அடை கொடுத்து மதிப்போடு அழைக்கின்றோம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-ஆம் ஆண்டில் தோன்றிய முதலைப் பண்ணையும், அதனை அடுத்து 1978-ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் அமைத்த கூட்டுறவுச் சங்கமும் உலகறிந்தவை. முன்னர்த் தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த அவ்விருளர், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் அத்தொழிலிழந்து, பின்னர் அந்நான்கு பாம்புகளையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடும் தொழிலை மேற்கொண்டனர். அந்நஞ்சிலிருந்தே மருந்து செய்யப்படுகின்றது. அவருள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் 2023-ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பள்ளியில் ஆங்கிலம் கற்று உயர்ந்தவரல்லர் இவர். உலகெங்கும் சென்று ஆங்கிலேயர்க்கும் அமெரிக்கர்க்கும் பாம்பைப் பற்றிக் கற்பித்தவர். இவர் வரலாறு ஒரு வாசக பாடமாக வந்தால், வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒருவன் தன் அறிவும் அறிவே என்று கண்டுகொள்வான். எமக்கு இதுபற்றி மிக்க ஆவல் உண்டு; பாடநூல் இயற்றும் குழுவினர் செவிக்கு இது எட்டுமோ, அறியோம்.

காலம் போதாது என்பது மற்றொரு மறுப்பு. ஆண்டுத் தேர்வுக்குள் இத்தனை பாடம் முடித்தாக வேண்டும் என்று ஆசிரியர் படும் பாட்டை யாம் நேரிற் கண்டிருக்கின்றோம். அவரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. ஒரு கையில் வருகைப் பதிவேடும் மறு கையில் ஆயிரம் படிவங்களும் ஏந்தி நிற்பவரிடம் பாம்புச் சட்டை தேடச் சொல்லுதல் எளிது. குறை வினாத்தாளிலே உள்ளது. கோடிட்ட இடத்தை நிரப்புக எனக் கேட்டு, நூலிலுள்ள சொல்லை நூலில் உள்ளவாறே எழுதினால் முழு மதிப்பெண் தரும் தேர்வு இருக்குமளவும், எவ்வாசிரியரும் பலகையில் விடை எழுதிப் போடுதலைக் கைவிடார். மாணாக்கன் முன் கண்டறியாத ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, கேட்டிராத ஒரு வினாவைக் கேட்கட்டும். அன்றே வகுப்பில் நடைமுறை மாறிவிடும்.

நகரப் பிள்ளைகளுக்கு இம்முறை பொருந்துமோ என்று எம் நண்பர் ஒருவர் கேட்டனர். மாடி வீட்டிலும் பல்லி உண்டு. சென்னையிலுள்ளார்க்குக் கிண்டியிற் பாம்புப் பண்ணை உண்டு. தை முதற் பங்குனி வரை அந்நகரத்துக் கடற்கரையிலேயே ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988-ஆம் ஆண்டு முதல் மாணாக்கர் சங்கம் ஒன்று இரவில் அக்கரையோரம் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகின்றது. நகரத்தார்க்குக் குறை பொருளின்மையன்று, பாராமையே.

பாடத்தின் முடிவில் எழுத்துப் பயிற்சி ஒன்று வேண்டும். நூலிலுள்ள நான்கையும் விட்டுவிட்டு, நூலில் இல்லாத ஓர் ஊர்வனவற்றைப் பற்றி ஐந்து ஆங்கில வாக்கியங்கள் எழுதச் சொல்லுதல் நன்று. பார்த்தெழுத இடமில்லை, ஆகவே பிழை மலியும். மலியட்டும். எம் சனிக்கிழமை வகுப்பில் இதனைச் செய்து பார்த்தோம். உடும்பைப் பற்றிப் பதின்மர் எழுதினர். அதன் பிடியைப் பற்றி எழுதாதவர் ஒருவருமில்லை. ஸ்கேலை அளவுகோலாகக் கொண்ட அச்சிறுவன் பச்சோந்தியைத் தேர்ந்து, அதற்குச் செதில் உண்டென்றும், அச்செதில் பள்ளி ஸ்கேல் அன்று என்றும் எழுதியிருந்தனன். கொட்டகைக்காரச் சிறுமி அரணையை எடுத்துக்கொண்டாள். அது பளபளப்பாக இருக்கும். கல்லின் அடியில் ஓடும். என் பாட்டி அது கடித்தால் இறந்துவிடுவோம் என்பார். நூல் இதுபற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வாக்கியத்தோடு எழுதுகோலை வைத்துவிட்டாள். நூல் சொல்லாததை யாம் சொன்னோம். அரணைக்கு நஞ்சில்லை என்பதனை ஐந்தாவதாக எழுதினாள். எழுதியபின் சிறிது நேரம் அதனையே நோக்கிக்கொண்டிருந்து, 'எங்க பாட்டி இதை நம்பமாட்டாங்க என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன, அண்ணா?' என்று கேட்டாள். சொன்னோம். அது ஆறாவது வாக்கியமாயிற்று.